ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் டிரில் இறங்கவில்லையா? அறிகுறியைப் பார்த்துச் சரிசெய்யும் முறை

எஸ்எஸ், அதாவது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் தகட்டில் ஓட்டை விழவில்லை என்று சொல்பவர்கள் கையில் பெரும்பாலும் புதிதாக வாங்கிய ஒரு பிட் இருக்கும். பழைய பிட் சரியில்லை என்று நினைத்துத்தான் அதை வாங்கியிருப்பார்கள். அதுவும் ஒரே துளையில் மழுங்கிப் போயிருக்கும். இப்படி வரும் கேஸ்களில் கோளாறு முதலில் வேகத்திலும் கையின் அழுத்தத்திலும்தான் இருக்கும். பிட்டின் முறை அதற்கப்புறம். அதனால் கீழே ஒவ்வொரு அறிகுறிக்கும் காசு செலவில்லாமல் பார்க்கக்கூடியதை முதலிலும், செலவு வைப்பதைக் கடைசியிலும் வைத்திருக்கிறேன். உங்கள் அறிகுறிக்கு நேராகப் போய்விடலாம். ஆனால் அடுத்து வரும் வேகக் கணக்கை மட்டும் எல்லோரும் படித்துவிடுங்கள்.

## எல்லா அறிகுறிக்கும் முன்னால்: வேகமும் பிடியும்

3000 என்ற எண்ணைப் பிட்டின் மில்லிமீட்டர் அளவால் வகுங்கள். வருவதுதான் நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்பதற்கான தோராய அளவு. 3 மி.மீ. பிட்டுக்கு 1000, 5 மி.மீ. பிட்டுக்கு 600, 6 மி.மீ. பிட்டுக்கு 500, 10 மி.மீ. பிட்டுக்கு 300. சாதாரண இரும்பில் இதைவிட இரண்டு மூன்று மடங்கு வேகத்தில் ஓட்டிப் பழகிய கைக்கு இது ஆமை வேகமாகத் தெரியும். இருக்கட்டும், இதுதான் சரி. இரண்டு கியர் உள்ள பேட்டரி டிரில்லில் 1-ஆம் கியரில் போடுங்கள். அந்தக் கியரின் முழு வேகம் பொதுவாக 400, 500 சுற்றை ஒட்டி இருக்கும். அதாவது 10 மி.மீ. பிட்டுக்கு டிரிகரை முழுசாக அழுத்தக்கூடாது.

ஹேமர் மோடில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அணையுங்கள்.

தகட்டைக் கிளாம்ப் போட்டோ வைஸில் பிடித்தோ இறுக்காமல் தொடங்க வேண்டாம். துளை திறக்கும் நொடியில் பிட் தகட்டைப் பிடித்துச் சுழற்றினால் அந்த ஓரம் கத்தியாகத்தான் வரும். கண்ணாடி போடுங்கள். டிரில் சுற்றும்போது கையுறை வேண்டாம், அது பிட்டில் சிக்கும். பிட் சீவி வெளியே தள்ளும் உலோகச் சீவலைக் கையால் இழுக்காதீர்கள், பிரஷ் வையுங்கள்.

## அறிகுறி 1: பிட் சுற்றுகிறது, ஆனால் தொட்ட இடத்தில் கீறல்கூட விழவில்லை

முதலில் சுற்றும் திசை. ஸ்குரூ கழற்றிவிட்டு ரிவர்ஸிலேயே விட்டிருப்பது அடிக்கடி நடக்கிற விஷயம். பிட்டின் சுருள் பள்ளம் சீவலை மேலே தூக்குகிற பக்கமாகச் சுற்ற வேண்டும்.

திசை சரியென்றால் பிட்டின் நுனியைப் பாருங்கள். நுனியில் அம்பு வடிவில் ஒரு சின்னத் துண்டு தனியாகப் பற்றவைத்த மாதிரித் தெரிந்தால் அது கான்கிரீட் பிட். அது இடித்து நொறுக்குவதற்கு உள்ளது, உலோகத்தைச் சீவாது. மாற்றுங்கள்.

உலோகப் பிட்தான் என்றால் கூர்மையைச் சோதியுங்கள். மெஷினிலிருந்து கழற்றி, வெட்டும் விளிம்பைக் கட்டைவிரல் நகத்தின் மேல் லேசாக வைத்து இழுங்கள். கூரான விளிம்பு நகத்தில் பிடிக்கும். மழுங்கியது வழுக்கிக்கொண்டு போகும். வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாலும் தெரியும்: கூரான விளிம்பு வெளிச்சத்தைத் திருப்பி அடிக்காது. மழுங்கிய விளிம்பில், குறிப்பாக வெளி மூலையில், வெள்ளையாக ஒரு மெல்லிய கோடு மின்னும்.

கூர்மையும் சரி, இன்னும் இறங்கவில்லை என்றால் இரண்டு காரணம்தான் மிச்சம். ஒன்று, அழுத்தம் போதவில்லை. டிரில்லைத் தோள் உயரத்தில் வைத்து மணிக்கட்டு பலத்தில் தள்ளினால் எஸ்எஸ் அசையாது. உடம்பு எடை பிட்டின் நேர்கோட்டில் இறங்குகிற மாதிரி நில்லுங்கள், அல்லது வேலையைக் கீழே இறக்கி மேலிருந்து அழுத்துங்கள். இன்னொன்று, பிட்டைத் திரும்பச் சாணை பிடித்தவர் விளிம்பின் பின்பகுதியைச் சரியாகத் தாழ்த்தவில்லை. இதற்கு எளிய சோதனை உண்டு. வெட்டும் விளிம்புக்குப் பின்னால் உள்ள பரப்பில் மார்க்கர் பேனாவால் மை பூசுங்கள். தகட்டில் வைத்து அழுத்தி, பிட்டைப் பிடித்திருக்கும் தலைப்பகுதியான ‘சக்’கைக் கையால் இரண்டு சுற்றுத் திருப்புங்கள். மை விளிம்போரத்தில் அழிந்திருந்தால் நல்லது. பின்பகுதியில் மட்டும் அழிந்திருந்தால் அந்த பிட் தன் முதுகால் தேய்க்கிறது. எவ்வளவு அழுத்தினாலும் அது வெட்டாது. 10 டிகிரி சுமாருக்குப் பின்சரிவு வருகிற மாதிரி மறுபடி சாணை பிடிக்க வேண்டும்.

## அறிகுறி 2: கொஞ்சம் இறங்கியது, அப்புறம் கீச்சென்று சத்தம் போட்டு நின்றுவிட்டது

எஸ்எஸ் வேலையின் முக்கால் தலைவலி இதில்தான் இருக்கிறது. எஸ்எஸ்ஸில் 304, 316 என்ற வகைகள் தேய்க்கத் தேய்க்க இறுகும், அதாவது கடினமாகும். சீவல் வராமல் பிட் சும்மா சுற்றினால் துளையின் அடிப்பரப்பு இறுகிப் போகிறது. இறுகிய பரப்பு அடுத்த பிட்டையும் மழுங்கடிக்கிறது. இன்னும் வேகமாக ஓட்டினால் இறங்கும் என்று டிரிகரை அழுத்தினால் நிலைமை மோசமாகும். சீவல் வருவது நின்றதுமே சுவிட்சை விட்டுவிட வேண்டும். இந்த ஒரு பழக்கம் இருந்தால் கீழே உள்ள பாதி வேலை தேவைப்படாது.

துளையை டார்ச் அடித்துப் பாருங்கள். அடிப்பரப்பு மங்கலான சாம்பல் நிறத்தில், வட்ட வட்டமாக வெட்டுக்கோடுகளுடன் இருந்தால் இறுகவில்லை. பிட்தான் மழுங்கியிருக்கிறது, வேறு கூரான பிட் போட்டால் போகும். அடிப்பரப்பு கண்ணாடி மாதிரிப் பளபளத்தால் இறுகிவிட்டது. அப்போது இந்த வரிசையில் போங்கள்.

### பளபளக்கிறது, மறுபக்கம் எட்டுகிறது

மறுபக்கத்திலிருந்து அதே மையத்துக்கு அளந்து குறித்துத் துளையுங்கள். இறுகியது மேலோட்டமான ஒரு மெல்லிய அடுக்குதான். அந்தப் பக்கத்து உலோகம் இறுகாமலே இருக்கும். கடைசியில் அந்த அடுக்கை உள்ளிருந்து உடைத்துக்கொண்டு பிட் வெளியே வரும். தகடு, பிராக்கெட், ஆங்கிள் எல்லாவற்றுக்கும் இதுதான் மலிவான வழி.

### பளபளக்கிறது, ஒரே பக்கம்தான் எட்டுகிறது

ஆற விடுங்கள். பழைய துகளைத் துடைத்து எடுத்துவிட்டுக் கட்டிங் ஆயில் விடுங்கள். கூர் சற்றும் போகாத ஒரு கோபால்ட் பிட் (கோபால்ட் கலந்த உலோகத்தில் செய்தது) வேண்டும். பழைய பிட்டின் முனைக் கோணம் 118 டிகிரி என்றால் இப்போது 135 டிகிரி முனையை எடுங்கள். கோணம் மாறினால் முழு விளிம்பும் பளபளப்பின் மேல் உட்காராது, ஓர் இடத்தில்தான் முதலில் தொடும். அழுத்தம் முழுவதும் அந்த இடத்தில் விழுவதால் அடுக்கு உடைய வாய்ப்பு கூடுகிறது.

வரிசை முக்கியம்: முதலில் பிட்டைத் துளையில் வையுங்கள், முழு எடையையும் அதன் மேல் ஏற்றுங்கள், அதன் பிறகுதான் டிரிகர். மேலே சொன்ன கணக்கில் பாதி வேகம் போதும். பிடித்துவிட்டது என்றால் சத்தமே மாறிவிடும். கீச்சுக் குரல் போய்க் கரகரவென்று ஒரு கனமான ஒலி வரும், சீவல் எட்டிப் பார்க்கும். அந்த நேரத்தில் பார்க்கலாம் என்று கையைத் தளர்த்தாதீர்கள். மறுபக்கம் திறக்கப் போகும் வரை அதே அழுத்தம் வேண்டும்.

### அதற்கும் அசையவில்லை

சின்ன கார்பைடு பர் (சுரண்டும் பல் உள்ள கடினமான முனை) ஒன்றை டை கிரைண்டர் என்ற கைச் சாணை மெஷினில் மாட்டிப் பளபளப்பான அடுக்கை மட்டும் சுரண்டி எடுக்கலாம். சாம்பல் நிறம் தெரிந்ததும் நிறுத்திவிட்டுக் கோபால்ட் பிட்டுக்குத் திரும்புங்கள். இதற்கும் மேல் என்றால் முழுக் கார்பைடு பிட். ஆனால் அது நின்று துளைக்கும் டிரில் மெஷினில் (டிரில் பிரஸ்), வேலையை அசையாமல் பிடித்தால்தான் தாங்கும். கை டிரில்லில் மாட்டினால் கை ஒரு சின்னக் கோணம் சாய்ந்தாலே படக்கென்று முறியும். எல்லாவற்றையும் வெட்டும் பிட் என்று கார்பைடை வாங்கிக் கை டிரில்லில் மாட்டுபவர்களைப் பார்த்தால் எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது.

டார்ச் வைத்துச் சூடாக்கி இளக்கலாமா என்று கேட்பார்கள். 304 இளகுவதற்கு 1000 டிகிரி செல்சியஸுக்கு மேல் போய் வேகமாக ஆற வேண்டும். பட்டறை டார்ச்சில் அது சரியாக நடக்காது. தகடு வளைந்து கறுத்துப் போவதும், துரு எதிர்ப்பு குறைவதும்தான் மிச்சம்.

எப்போது வெளியே கொடுப்பது: கோபால்ட் பிட் இரண்டு மழுங்கியும் பளபளப்பு போகவில்லை என்றால் மூன்றாவது பிட் வாங்க வேண்டாம். பொருளைக் கொண்டுபோக முடிந்தால் மில்லிங் மெஷின் உள்ள பட்டறைக்குக் கொடுங்கள்.

## அறிகுறி 3: முனை நீலமாகிறது, புகை வருகிறது

எண்ணெய் லேசாகப் புகைவது இயல்பு. சீவல் வெள்ளையாகவோ லேசான வைக்கோல் நிறத்திலோ வந்தால் பயப்பட வேண்டாம். சீவல் நீலமாக வந்தாலோ, புகை மண்டினாலோ வேகம் அதிகம். பாதியாகக் குறையுங்கள். வேகத்தைக் குறைத்தும் சூடு ஏறினால் எண்ணெய் விளிம்புவரை போகவில்லை என்று பொருள். பிட்டை வெளியே எடுத்து, சீவலைத் தட்டிவிட்டு, துளைக்குள்ளேயே எண்ணெய் விடுங்கள். கட்டிங் ஆயில் அல்லது கட்டிங் பேஸ்ட்தான் வேண்டும். வேறு எதுவும் கிடைக்காதபோது துரு இளக்கும் ஸ்பிரே பரவாயில்லை, ஆனால் அது சீக்கிரம் ஆவியாகிப் போய்விடும். குழாய்ச் சுவரிலும் செங்குத்துத் தகட்டிலும் எண்ணெய் வழிந்துவிடும் என்பதால் அங்கே பேஸ்ட் நல்லது.

பிட் நீலமானால் தூக்கிப் போட வேண்டுமா? கார்பன் ஸ்டீல் பிட் என்றால் ஆமாம், அது இளகிவிட்டது. எச்எஸ்எஸ் (ஹை ஸ்பீட் ஸ்டீல்), கோபால்ட் பிட்கள் அதைவிட அதிகச் சூட்டிலும் கடினத்தை இழக்காதவை. அவற்றில் நீலம் தெரிந்தால் நகச் சோதனை செய்து பாருங்கள். கூர் போயிருந்தால் சாணை பிடித்துத் திரும்பப் பயன்படுத்தலாம். கோபால்ட் பிட்டைச் சாணை பிடிக்கும்போது கொதிக்கும் முனையைத் தண்ணீரில் முக்காதீர்கள், கண்ணுக்குத் தெரியாத விரிசல் விழும். கொஞ்சம் கொஞ்சமாகப் பிடித்து, காற்றிலேயே ஆற விட்டுப் பிடியுங்கள்.

## அறிகுறி 4: தொடங்கும்போதே பிட் வழுக்கி ஓடுகிறது

சென்டர் பஞ்ச் (துளையின் மையத்தில் சின்னக் குழி போடும் கூர்முனைக் கருவி) அடிக்காததுதான் முதல் காரணம். அடிக்கச் சொன்னால் சிலர் சுத்தியலை ஓங்கிப் பலமுறை அடிக்கிறார்கள், அதுவும் தவறு. ஓங்கி அடித்த இடம் அடியிலேயே இறுகிவிடும், பிட் அங்கேதான் முதலில் தொட வேண்டும். பிட்டின் நடுமுனை உட்காரும் அளவுக்கு ஒரே ஓர் அடி போதும்.

பஞ்ச் சரியாக இருந்தும் ஓடினால் முனையின் வடிவத்தைப் பாருங்கள். சாதாரண 118 டிகிரி முனையின் நடுவில் உளி மாதிரி ஒரு தட்டையான கோடு இருக்கும். அது வெட்டாது, அழுத்தித் தள்ளத்தான் செய்யும். ஸ்ப்ளிட் பாயின்ட் உள்ள 135 டிகிரி பிட்டில் அந்தக் கோடு இரண்டாகச் சீவப்பட்டு நடுவிலும் வெட்டும். நீளமான பிட் வளைந்து ஓடுகிறது என்றால் குட்டை நீளப் பிட் வாங்குங்கள். தகட்டு வேலைக்கு நீளம் எதற்கும் உதவாது.

குழாயில் போடும்போது வளைவின் உச்சியில் அரத்தால் ஒரு சின்னத் தட்டைப் பரப்பு உண்டாக்கி, அதில் பஞ்ச் அடியுங்கள். அப்படியும் ஓடினால் 3 மி.மீ. பைலட் துளை, அதாவது வழிகாட்டும் சின்னத் துளை போட்டுத் தொடங்குங்கள்.

## அறிகுறி 5: பிட் முறிகிறது

எந்த இடத்தில் முறிகிறது என்பதைப் பொறுத்துக் காரணம் மாறும்.

### மறுபக்கம் திறக்கும் நொடியில்

இதுதான் அதிகம். அழுத்திக்கொண்டிருக்கும் கை, எதிர்ப்பு போனதும் பிட்டை உள்ளே தள்ளிவிடுகிறது. தகட்டின் கடைசி ஓரம் பிட்டைப் பிடிக்கிறது. மறுபக்கம் ஒரு மரக்கட்டையைச் சேர்த்து வைத்துக் கிளாம்ப் போட்டாலே பாதிப் பிரச்சினை போகும். திறக்கப் போகிறது என்று சத்தம் மாறும்போது அழுத்தத்தைக் கொஞ்சம் குறையுங்கள், தேய்க்கும் அளவுக்குக் குறைத்துவிட வேண்டாம். பக்கக் கைப்பிடி உள்ள மெஷினில் அதை மாட்டியே வேலை செய்யுங்கள். பெரிய பிட் சிக்கினால் மெஷின் மணிக்கட்டை முறுக்கிவிடும்.

### ஆழத்தில், நடுவழியில்

சீவல் அடைத்திருக்கிறது. பிட்டின் அளவைப்போல மூன்று மடங்கு ஆழம் தாண்டியதும், நடுநடுவே முழுசாக வெளியே எடுத்துச் சீவலைத் தட்டுங்கள். திரும்ப இறக்கும்போது தயங்காமல் அழுத்தி இறக்குங்கள். மெல்ல மெல்லத் தொட்டுப் பார்த்தால் ஒவ்வொரு தொடுகையும் அடிப்பரப்பைத் தேய்த்து இறுக்கும்.

### பைலட் துளையைப் பெரிதாக்கும்போது

பைலட் மிகப் பெரிதாக இருக்கிறது. 10 மி.மீ. துளைக்கு 8 மி.மீ. பைலட் போட்டால் பிட்டின் வெளி மூலைகள் மட்டும்தான் வேலை செய்யும். அவை ஓரத்தைக் கவ்வி இழுத்துச் சில்லு போகும். பைலட் என்பது பெரிய பிட்டின் நடு உளிக்கோடு நுழையும் அளவுக்கு இருந்தால் போதும். 10 மி.மீ. பிட்டுக்கு 3 மி.மீ. பைலட் தாராளம். ஸ்ப்ளிட் பாயின்ட் பிட்டில் 6 மி.மீ. வரை பைலட்டே தேவையில்லை.

முறிந்த துண்டு துளைக்குள் மாட்டிக்கொண்டால் மறுபக்கத்திலிருந்து பஞ்ச் வைத்துத் தட்டிப் பாருங்கள். வரவில்லை என்றால் அதன் மேலேயே இன்னொரு பிட் போட்டு ஓட்ட முயல வேண்டாம், அதுவும் முறியும். விலை உயர்ந்த பாகமாக இருந்தால் மின்பொறி அரிப்பு மெஷின், அதாவது இடிஎம் வைத்திருப்பவர்களிடம் கொடுங்கள். சுற்றியுள்ள உலோகம் கெடாமல் துண்டை மட்டும் அரித்து எடுத்துவிடுவார்கள்.

## அறிகுறி 6: மெல்லிய தகட்டில் துளை முக்கோணமாக வருகிறது, தகடு பிடித்து இழுக்கிறது

118 டிகிரி முனையின் கூம்பு உயரம் பிட்டின் அளவில் சுமார் 0.3 மடங்கு. 10 மி.மீ. பிட் என்றால் 3 மி.மீ. உயரம். தகடு 1 மி.மீ. தடிமன் என்றால் வெளி மூலைகள் உள்ளே நுழைவதற்கு முன்பே நுனி மறுபக்கம் போய்விடுகிறது. பிட்டைப் பிடித்து நிறுத்த எதுவும் இல்லாமல் அது ஆடுகிறது. 135 டிகிரியில் கூம்பு 0.2 மடங்குதான், கொஞ்சம் பரவாயில்லை.

இரண்டு மரக்கட்டைக்கு நடுவில் தகட்டை வைத்து இறுக்கித் துளைத்தால் வட்டம் வந்துவிடும். அடிக்கடி செய்யும் வேலை என்றால் ஸ்டெப் டிரில் (படிப்படியாக அகலமாகும் பிட்) வாங்குவது நல்லது. அதற்கும் அதே வேகக் கணக்குதான், ஆனால் இப்போது தொடும் படியின் அளவை வைத்து வகுக்க வேண்டும். 20 மி.மீ. படிக்கு வந்தால் 150 சுற்று. அந்த வேகத்தில் பொறுமையாக ஓட்டினால் ஸ்டெப் டிரில் பல வேலைகளுக்கு உழைக்கும். 1000 சுற்றில் ஓட்டினால் ஒரே துளையில் படிகளின் ஓரம் கருகும்.

சிங்க்கில் தண்ணீர்க் குழாய் பொருத்த 35 மி.மீ. துளை வேண்டும் என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஹோல் சா என்ற வட்ட ரம்பத்தில் போடலாம், 100 சுற்றை ஒட்டி எண்ணெய் விட்டுக்கொண்டே ஓட்ட வேண்டும். கோபால்ட் பல் வைத்த பைமெட்டல் வகையாக இருக்கட்டும். ஏற்கெனவே பொருத்திய சிங்க் என்றால் போல்ட் இறுக்கி வெட்டும் பஞ்ச் டை வைத்திருக்கும் ஆளைக் கூப்பிடுவதையே நான் சொல்வேன். சின்னத் துளை ஒன்று போட்டு, பஞ்சை இறுக்கினால் சுத்தமான வட்டம் விழும், கீறலும் சூடும் இல்லை.

## அறிகுறி 7: துளை பிட்டைவிடப் பெரிதாக வருகிறது

சீவலைக் கவனியுங்கள். நன்றாகச் சாணை பிடித்த பிட்டில் இரண்டு பள்ளத்திலிருந்தும் ஒரே தடிமனில் இரண்டு சுருள் வரும். ஒன்றிலிருந்து மட்டும் வந்தால் இரண்டு விளிம்பும் சமமில்லை, மையம் தள்ளியிருக்கிறது. சாணை பிடித்துச் சமன்செய்ய வேண்டும். இரண்டும் சமமாக வந்தும் துளை பெரிதானால், பிட்டைத் தரையில் உருட்டி வளைவு இருக்கிறதா என்று பார்த்துவிட்டுச் சக்கைப் பாருங்கள். சக்கின் தாடைக்குள் ஒரு சீவல் துண்டு சிக்கினாலும் பிட் கோணலாக நிற்கும்.

## அறிகுறி 8: எல்லாம் சரியாகச் செய்தும் பிட் இரண்டு துளையில் மழுங்குகிறது

இங்கேதான் பிட்டைச் சந்தேகப்படும் நேரம் வருகிறது. அதற்கு முன்னால் உலோகத்தைச் சரிபாருங்கள். காந்தம் வையுங்கள். ஒட்டவில்லை, அல்லது வளைத்த ஓரத்தில் மட்டும் லேசாக ஒட்டுகிறது என்றால் 304 அல்லது 316 ஆக இருக்கும். இந்தக் கட்டுரையில் சொன்னது எல்லாம் அதற்குத்தான். பலமாக ஒட்டினால் 430 மாதிரி வகையாக இருக்கலாம். அது அவ்வளவு இறுகாது, துளைக்க எளிது. பலமாக ஒட்டுகிறது, அரத்தை ஓட்டினால் சரியாகப் பிடிக்காமல் வழுக்குகிறது என்றால் கத்தி போன்றவற்றுக்குப் பயன்படும் 420 மாதிரி, வெப்பத்தில் கடினமாக்கிய வகை. அதைக் கோபால்டும் தாங்காது. கார்பைடும் நிலையான மெஷினும் வேண்டும், வெளியே கொடுத்துவிடுங்கள்.

304 தான் என்றால் பிட்டின் தண்டில் பொறித்திருப்பதைப் படியுங்கள். நிறத்தை நம்பாதீர்கள். தங்க நிறம் என்பது சாதாரண எச்எஸ்எஸ் மேல் டைட்டானியம் நைட்ரைடு பூசியதாகவும் இருக்கலாம், கோபால்ட் பிட்டைச் சூடாக்கியபோது வந்த நிறமாகவும் இருக்கலாம். பூச்சு வேலை செய்யத்தான் செய்யும், ஆனால் ஒருமுறை சாணை பிடித்தால் முனையில் அது போய்விடும். கோபால்ட் என்பது பிட்டின் உலோகத்திலேயே கலந்திருப்பதால் கடைசி வரை இருக்கும். கறுப்பு நிறம் தரத்தைப் பற்றி எதுவும் சொல்லாது.

தண்டில் எச்எஸ்எஸ் என்று மட்டும் இருந்தால் சாதாரண வகை. ஓரிரண்டு சின்னத் துளைக்கு, மெதுவாக ஓட்டினால் போதும். எச்எஸ்எஸ்-கோ, எச்எஸ்எஸ்-இ, எம்35 என்றெல்லாம் இருந்தால் பொதுவாக 5 சதவீதம் கோபால்ட். எம்42 என்றால் 8 சதவீதம். எம்42 இன்னும் கடினம், அதே அளவுக்கு நொறுங்கும் குணமும் உண்டு. கை டிரில் வைத்திருப்பவருக்கு எம்35 தான் என் தேர்வு. கை கொஞ்சம் ஆடினாலும் பொறுத்துக்கொள்ளும். நின்று துளைக்கும் மெஷின் இருந்தால் எம்42 வாங்குங்கள். எதை வாங்கினாலும் 135 டிகிரி, ஸ்ப்ளிட் பாயின்ட், முடிந்தால் குட்டை நீளம் என்று கேட்டு வாங்குங்கள்.

பெரிய பெட்டி செட் வாங்குவதற்குப் பதில் உண்மையில் தேவைப்படும் மூன்று நான்கு அளவுகளில் நல்ல பிட்டாக இரண்டிரண்டு வாங்கி வைத்தால், ஒன்று மழுங்கும்போது வேலை நடுவில் நிற்காது. மழுங்கியதைச் சாணைக்கு ஒதுக்கிவிட்டு அடுத்ததை மாட்டுங்கள். மழுங்கிய பிட்டில் இந்த ஒரு துளையை மட்டும் முடித்துவிடலாம் என்று ஓட்டினால்தான் அறிகுறி 2 தொடங்கும்.

## அறிகுறி 9: துளை நன்றாக வந்தது, மரை வெட்டும் டேப் போடும்போது டேப் முறிகிறது

துளை போட்டபோதே சுவர் இறுகியிருக்கலாம். மழுங்கிய பிட்டில் போட்ட துளையில் நல்ல டேப் இறங்காது. கூரான பிட்டில் போட்டதுதான் என்றால் அளவைக் கொஞ்சம் கூட்டுங்கள். எம்6 (6 மி.மீ.) மரைக்கு வழக்கமான 5 மி.மீ. இடத்தில் 5.2, எம்8-க்கு 6.8 இடத்தில் 7 போடலாம். மரையின் ஆழம் சற்றுக் குறையும், பெரும்பாலான வேலைக்கு அது போதும். எண்ணெய் விடாமல் டேப் போட வேண்டாம். கனமான சுமை தாங்கும் மரை என்றால் அளவைக் கூட்டாமல், அந்த வேலையைப் பட்டறைக்குக் கொடுங்கள்.

## அறிகுறி 10: சில நாள் கழித்துத் துளையைச் சுற்றித் துரு

துரு பெரும்பாலும் எஸ்எஸ்ஸின் உடையது இல்லை. சாதாரண இரும்பில் பயன்படுத்திய பிரஷ், அரம், சாணை சக்கரம் ஆகியவற்றிலிருந்து ஒட்டிய இரும்புத்தூள்தான் துருப்பிடிக்கிறது. எஸ்எஸ் கம்பி பிரஷ் ஒன்றைத் தனியாக வைத்துக்கொண்டு தேய்த்து, சோப்புத் தண்ணீரில் எண்ணெய் போகக் கழுவிக் காயவையுங்கள். பிசிறை எடுத்து ஓரத்தை மழுக்குங்கள், இல்லாவிட்டால் அங்கே ஈரம் தங்கும். இரும்பு நார், பிளீச், கழிப்பறை ஆசிட் எதுவும் வேண்டாம். குளோரைடு எஸ்எஸ்ஸை அரிக்கும்.

நீலமாகவோ பழுப்பாகவோ சூட்டுத் தழும்பு இருந்தால் மெல்லிய உப்புத்தாள் போட்டு அதை எடுத்துவிட்டு, சிட்ரிக் ஆசிட் கரைசலால் துடைத்துக் கழுவலாம். கடற்காற்று படும் இடம், உணவு, மருந்துத் தொட்டிகள் என்றால் பிக்கிளிங் (ஆசிட் பேஸ்ட் பூசிச் சுத்தம் செய்வது) செய்பவரிடம் கொடுங்கள். அவர்கள் பயன்படுத்தும் பேஸ்டில் ஹைட்ரோஃபுளோரிக் ஆசிட் இருக்கும். தோலுக்குள் ஊடுருவி எலும்புவரை பாதிக்கும் பொருள் அது, வீட்டில் வாங்கிப் பூசக்கூடாது.

## டிரில்லைத் தொடாமலே ஆளைக் கூப்பிட வேண்டியவை

அழுத்தக் கலன், பாய்லர், எரிவாயுக் குழாய் ஆகியவற்றில் துளை போடுவது உங்கள் வேலை இல்லை. எரிபொருள் இருந்த தொட்டி காலியாக இருந்தாலும் அப்படித்தான், உள்ளே ஆவி இருக்கும்.

10 மி.மீ. தடிமனுக்கு மேல் உள்ள தகட்டில் 13 மி.மீ. துளைக்கு மேல் என்றால் கை டிரில்லில் தேவையான அழுத்தமும் வராது, பிட் சிக்கினால் கையும் தாங்காது. காந்த அடித்தள டிரில்லை வாடகைக்கு எடுக்கலாம் என்று தோன்றும். 304 தகட்டில் அது ஒட்டாது என்பதை மறக்க வேண்டாம். கிளாம்ப் போட்டு நிறுத்தும் வசதி அதில் இருக்கிறதா என்று கேட்டுவிட்டு எடுங்கள். ஒரே மாதிரித் துளைகள் நிறைய வேண்டும், பொருளும் இன்னும் தகடாகத்தான் இருக்கிறது என்றால் வரைபடத்தோடு லேசர் கட்டிங் செய்பவரிடம் போய்விடலாம்.